ஆறு வாரம் லீவு உண்டு... யாருக்குத் தெரியும்?

2021 மார்ச் மாதம் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் ஒரு சட்டத் திருத்தம் ஒருமனதாக நிறைவேறியது. வயிற்றில் இருக்கும் கரு கலைந்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கும் அவள் துணைவருக்கும் சம்பளத்தோடு மூன்று நாள் துக்க விடுமுறை. அவ்வளவுதான் சட்டம். ஆனால் உலகம் முழுக்கப் பத்திரிகைகள் இதை எழுதின. இணையத்தில் ஒரே பாராட்டு மழை. "நம் நாட்டில் எப்போது இப்படி வரும்?" என்று இந்தியாவிலும் பலர் பெருமூச்சு விட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் அது ஏற்கெனவே இருக்கிறது! மூன்று நாள் இல்லை, ஆறு வாரம். அதாவது 42 நாள், முழுச் சம்பளத்தோடு. வந்து எத்தனை வருடம் ஆகிறது தெரியுமா? 1961-ல் வந்தது.

அறுபது வருடத்துக்கும் மேலாகக் கையில் இருக்கும் ஒரு உரிமைக்காக இந்த ஊர் ஏன் பெருமூச்சு விட்டது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் அது சட்டப் புத்தகத்தில் கிடைக்காது. நம் வீடுகளில்தான் கிடைக்கும்.

இரண்டு மார்க் கேள்வி

பி.காம் படிக்கிறவர்கள் தொழிற்சட்டப் பாடத்தில் மகப்பேறு நலச் சட்டம், 1961 என்று ஒன்றைக் கடந்து வந்திருப்பார்கள். பரீட்சைக்கு வழக்கமாகக் கேட்பது "மகப்பேறு விடுப்பு எத்தனை வாரம்?" என்பதுதான். 2017 திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம் என்று எழுதினால் மார்க் விழுந்துவிடும். அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் 9-ஆம் பிரிவை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அந்த 9-ஆம் பிரிவு சொல்வது இதுதான். ஒரு பெண் தொழிலாளிக்குக் கருச்சிதைவு ஏற்பட்டாலோ, மருத்துவக் காரணத்தால் சட்டப்படி கருவைக் கலைக்க நேர்ந்தாலோ, அதற்கான சான்றைக் கொடுத்தால், மறுநாளிலிருந்து ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 10-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் விளைவாக உடல்நிலை மோசமானால் கூடுதலாக ஒரு மாதம். 4-ஆம் பிரிவின்படி அந்த ஆறு வாரத்தில் அவளை வேலை வாங்குவதே தவறு. 12-ஆம் பிரிவின்படி அந்தச் சமயத்தில் அவளை வேலையை விட்டு நீக்குவதும் தவறு.

இன்னொரு விஷயம். இந்தச் சட்டத்தில் "குழந்தை" என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுத்த இடத்தில், இறந்து பிறந்த குழந்தையும் அதில் அடக்கம் என்று எழுதியிருந்தார்கள். அதாவது மாதம் நிறைந்து குழந்தை உயிரில்லாமல் பிறந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது பிரசவம்தான், அவள் தாய்தான். உயிரோடு பிறந்த குழந்தையின் தாய்க்கு என்ன விடுப்போ அதுவே அவளுக்கும். 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும் அப்படித்தான் பேசுகிறது. "பிறப்பு" என்றால் உயிரோடு பிறப்பதும் இறந்து பிறப்பதும் சேர்த்துத்தான் என்பது அதன் விளக்கம்.

மகப்பேறு நலச் சட்டம் இப்போது தனிச் சட்டமாக இல்லை. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 அதை உள்ளே எடுத்துக்கொண்டுவிட்டது. கருச்சிதைவுக்கான ஆறு வாரம் மட்டும் அப்படியே 65-ஆம் பிரிவாக அதில் உட்கார்ந்திருக்கிறது. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2022 செப்டம்பரில் தனியாக ஒரு ஆணை வந்தது. குழந்தை இறந்து பிறந்தாலோ, பிறந்த 28 நாளுக்குள் இறந்துவிட்டாலோ 60 நாள் சிறப்பு மகப்பேறு விடுப்பு.

ஆக, காகிதத்தில் நம் நாடு பலருக்கும் முன்னால் நிற்கிறது. சரி, நடைமுறையில்?

ஒரு சின்னக் கணக்கு

ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பில் போடும் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. நாள் சம்பளம் 500 ரூபாய். இப்போது பத்தாவது வாரம். கடையில் யாருக்கும் தெரியாது. "மூணு மாசம் முடியற வரைக்கும் வெளியே மூச்சு விடாதே, கண்ணு பட்டுடும்" என்று மாமியார் சொல்லியிருக்கிறார். பக்கத்து கவுண்டரில் இருக்கும் தோழியிடம்கூடச் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை உதிரம் போகிறது. ஸ்கேன் எடுக்கிறார்கள். "ஹார்ட் பீட் இல்லைம்மா" என்கிறார் டாக்டர். வயிற்றைச் சுத்தம் செய்து மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அவள் கவுண்டரில் நிற்கிறாள். சூப்பர்வைசர் கேட்டதற்கு "வைரல் ஃபீவர் சார்" என்று சொல்லிவிட்டாள். போன நாலைந்து நாள் சம்பளம் வெட்டு. முதல் தளத்தில் குழந்தைகள் துணிப் பிரிவு... அன்றைக்கு அங்கே ஆள் குறைவு என்று அவளையே அங்கே மாற்றி விடுகிறார்கள்.

அவள் வாய் திறந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? ஆறு வாரம், அதாவது 42 நாள். இதில் ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கக்கூடாது. "வாரம் என்றால் ஏழு நாளும் சேர்த்துத்தான்" என்று கோவை தொழிலாளர் நீதிமன்றத்தில் ஆரம்பித்துப் போன ஒரு மகப்பேறு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970களிலேயே சொல்லிவிட்டது. 42 பெருக்கல் 500, 21,000 ரூபாய். அவள் ஈ.எஸ்.ஐ.யில் இருந்தால் அந்தப் பணம் அங்கிருந்து வரும். இல்லையென்றால் பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் கடை என்பதால் முதலாளி கொடுக்கவேண்டும். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும்.

"வைரல் ஃபீவர்" என்ற ஒரு சொல்லின் விலை 21,000 ரூபாய். உடம்பு தேறுவதற்கான ஆறு வாரமும் அதோடு போயிற்று. துக்கத்தை இறக்கி வைக்க ஒரு ஆள்கூடக் கிடைக்காமல் போனதற்கு யாராலும் கணக்குப் போட முடியாது.

ஏன் அப்படிச் சொன்னாள்? சட்டம் தெரியாதது ஒரு காரணம். தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பாளா என்பது சந்தேகம்தான். லீவு கேட்க வேண்டுமென்றால் முதலில் "எனக்கு இப்படி ஆகிவிட்டது" என்று ஒரு ஆண் சூப்பர்வைசரிடம் சொல்லவேண்டும், சான்று கொடுக்கவேண்டும். கர்ப்பம் என்றே யாருக்கும் தெரியாதபோது கர்ப்பம் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? மூன்று மாதம் வாயைத் திறக்காதே என்று ஊர் சொல்கிறது. பெரும்பாலான கருச்சிதைவுகள் நடப்பது அந்த மூன்று மாதத்துக்குள்தான். அப்படியானால் எந்தச் சமயத்தில் ஒரு பெண்ணுக்கு ஆதரவு அதிகமாகத் தேவைப்படுமோ, சரியாக அந்தச் சமயத்தில் அவளைத் தனியாக விடும்படி ஒரு ஏற்பாட்டை நாமே செய்து வைத்திருக்கிறோம்.

அபூர்வமா? இல்லவே இல்லை

"எங்கேயோ ஒருத்தருக்கு நடப்பது" என்று பலர் நினைக்கிறார்கள். தெரிந்த கர்ப்பங்களில் சுமார் 15 சதவீதம் கருச்சிதைவில் முடிகின்றன என்று லான்செட் மருத்துவ இதழ் 2021-ல் எழுதியது. உலக அளவில் வருடத்துக்கு 2.3 கோடி. ஏறத்தாழ ஏழு கர்ப்பத்துக்கு ஒன்று! அறுபது பேர் உள்ள ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டால், அதில் எத்தனை பேருடைய அம்மா, சித்தி, அக்கா இதைத் தாண்டி வந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எத்தனை பேர் அதைப் பற்றி வீட்டில் பேசிக் கேட்டிருக்கிறார்கள் என்றும் யோசித்துப் பாருங்கள்.

இறந்து பிறக்கும் குழந்தைகள் பற்றி யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் எல்லாம் சேர்ந்து முதன்முதலாக ஒரு கூட்டறிக்கை வெளியிட்டது 2020-ல்தான். 2019-ல் மட்டும் உலகத்தில் சுமார் 20 லட்சம் குழந்தைகள் 28 வாரம் கடந்த பிறகு இறந்து பிறந்தன. அதாவது 16 விநாடிக்கு ஒன்று. நாடுகளில் எண்ணிக்கை அதிகம் இந்தியாவில், சுமார் 3.4 லட்சம். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, உலக அளவில் 40 சதவீதத்துக்கு மேல் பிரசவ வலி ஆரம்பித்த பிறகு போன உயிர்கள். நல்ல கவனிப்பு சரியான நேரத்தில் கிடைத்திருந்தால் அவற்றில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றியிருக்கலாம் என்கிறது அறிக்கை.

இங்கேதான் பேசாமல் இருப்பதன் இன்னொரு விலை தெரிகிறது. "விதி, அவ்வளவுதான்" என்று பெற்றோர் வாய் மூடிக்கொண்டால், ஆம்புலன்ஸ் ஏன் தாமதமானது, டாக்டர் ஏன் இல்லை, குழந்தையின் இதயத் துடிப்பை ஏன் யாரும் பார்க்கவில்லை என்று கேட்க ஆளே இருக்காது. கேட்க ஆள் இல்லாத தவறு அடுத்த மாதம் இன்னொரு வீட்டில் நடக்கும்.

"மறந்துடு, அடுத்தது பொறக்கும்"

யாரும் கெட்ட எண்ணத்தில் இதைச் சொல்வதில்லை. ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். "நல்ல வேளை, சீக்கிரமே போயிடுச்சு." "வயசு இருக்கு, அடுத்த வருஷம் தொட்டில் கட்டிடலாம்." "பாரு, உனக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கே." புருஷனை இழந்தவளிடம் யாராவது "வயசு இருக்கு, இன்னொருத்தன் கிடைப்பான்" என்று சாவு வீட்டிலேயே சொல்வார்களா? இங்கே மட்டும் ஏன் சொல்கிறார்கள் என்றால், போனது ஒரு ஆள் என்று அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

மாதம் நிறைந்து இறந்து பிறந்த குழந்தையை ஒரு துணியில் சுற்றி அப்பாவும் தாய்மாமனும் எடுத்துப் போவார்கள். பெரும்பாலும் எரிப்பது கிடையாது, புதைப்பதுதான். பத்து, பதினாறு என்று பெரிய காரியம் எதுவும் இல்லை. பல வீடுகளில் "பார்த்தா தாங்க மாட்டா" என்று சொல்லி அம்மாவுக்கு முகத்தைக்கூடக் காட்டுவதில்லை. புதைத்த இடமும் அவளுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொள்ளும். குடிக்கக் குழந்தை இல்லை என்பது உடம்புக்குத் தெரியாதே... அதே வார்டில் பக்கத்துக் கட்டிலில் இன்னொரு குழந்தை அழுதுகொண்டிருக்கும்.

அடுத்து விசாரணை ஆரம்பிக்கும். பப்பாளி சாப்பிட்டாளா? ஸ்கூட்டி ஓட்டினாளா? கிரகணத்தன்று வெளியே வந்தாளா? ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. அந்தக் கரு உருவானபோதே ஏற்பட்டுவிட்ட பிழை அது. அவள் கட்டிலை விட்டு இறங்காமல் படுத்திருந்தாலும் அது தங்கியிருக்காது. ஒரு டாக்டர் இரண்டு நிமிடம் ஒதுக்கி, குடும்பத்தார் முன்னிலையில் இதைச் சொன்னால் போதும், ஒரு பெண்ணின் பாதி பாரம் இறங்கிவிடும். அந்த இரண்டு நிமிடம்தான் கிடைப்பதில்லை.

இதெல்லாம் கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்கிறவர்களுக்கு ஒரு தகவல். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் ஆரம்ப மாதங்களில் கர்ப்பத்தை இழந்த பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2020-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு மாதம் கழித்து 29 சதவீதம் பேருக்கு அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோயின் அறிகுறிகள் இருந்தன. போரிலும் விபத்திலும் சிக்கியவர்களுக்கு வருமே, அதே நோய். ஒன்பது மாதம் கழித்தும் 18 சதவீதம் பேருக்கு அது போகவில்லை.

அப்பாக்கள் கதை தனி. ஆஸ்பத்திரிப் பேப்பரில் கையெழுத்துப் போடுவதும், சின்ன மூட்டையைக் கையில் வாங்கிக்கொள்வதும், குழி தோண்டுகிறவருக்குக் காசு கொடுப்பதும் அவர்தான். அவரிடம் எல்லோரும் சொல்வது ஒன்றே ஒன்று: "நீ தைரியமா இருந்து அவளைப் பார்த்துக்கோ." அவரை யார் பார்த்துக்கொள்வது? நியூசிலாந்தின் மூன்று நாள் சட்டத்தில் துணைவருக்கும் பங்கு உண்டு. நம் 1961 சட்டத்தில் தகப்பனுக்கு ஒரு நாள்கூட இல்லை. நாள் கணக்கில் ரொம்பப் பெரியது நம் சட்டம். ஆனால் அது பெண்ணின் உடம்பை மட்டும்தான் பார்க்கிறது. துக்கம் என்ற சொல்லே அதில் கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் நியூசிலாந்திடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

பெற்றோர்கள் பேசினால் என்ன ஆகும்?

இதற்கு நல்ல உதாரணம் பிரிட்டன். அங்கே நடந்தது நமக்கு நேர் எதிர். முதலில் பெற்றோர்கள் பேசினார்கள், பின்னால் சட்டம் வந்தது.

ஒரு காலத்தில் பிரிட்டனிலும் இதே நிலைமைதான். இறந்து பிறந்த குழந்தையைத் தாய்க்குக் காட்டாமல் ஆஸ்பத்திரி எடுத்துக்கொண்டு போய்விடும். அடையாளமில்லாத பொதுக் குழிகளில் புதைத்துவிடுவார்கள். எங்கே என்று பெற்றோருக்குச் சொல்ல மாட்டார்கள். 1970களின் நடுவில் பெல் மூனி என்ற பத்திரிகையாளர் இறந்து பிறந்த தன் மகனைப் பற்றி கார்டியன் நாளிதழில் எழுதினார். அதைப் படித்த பல தாய்மார்கள் தங்களுக்கும் அப்படி நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். 1978-ல் குழந்தையை இழந்த பெற்றோர்களே சேர்ந்து ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று "சாண்ட்ஸ்" என்று எல்லோருக்கும் தெரிந்த அமைப்பு அது. ஊருக்கு ஊர் சின்னச் சின்னக் குழுக்கள், துக்கத்தில் இருப்பவர்கள் பேச ஒரு போன் நம்பர், மருத்துவச்சிகளுக்கும் நர்சுகளுக்கும் இந்த மாதிரி நேரத்தில் எப்படிப் பேசவேண்டும் என்ற பயிற்சி.

மெதுவாக மாற்றம் வந்தது. 28 வாரத்துக்குப் பிறகு இறந்து பிறந்தால்தான் பதிவு என்று இருந்ததை 1992-ல் 24 வாரமாகக் குறைத்தார்கள். 2020 ஏப்ரலில் குழந்தையை இழந்த பெற்றோர் இருவருக்கும் இரண்டு வாரத் துக்க விடுப்பு வந்தது. 24 வாரத்துக்குப் பின் இறந்து பிறந்தாலும் இது உண்டு. 2024 பிப்ரவரியில் இங்கிலாந்து அரசு, 24 வாரத்துக்கு முன்பே போன குழந்தைகளுக்கும் பெற்றோர் கேட்டால் ஒரு சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தது. இலவசம். முதலில் 2018 செப்டம்பருக்குப் பிறகு இழந்தவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. அதே வருடம் அக்டோபரில், எத்தனை வருடத்துக்கு முன்னால் இழந்திருந்தாலும் கேட்கலாம் என்று மாற்றினார்கள்.

அந்தச் சான்றிதழால் சட்டப்படி எந்தப் பலனும் கிடையாது. வெறும் காகிதம். அதற்கு எதற்கு இவ்வளவு பாடு என்று தோன்றலாம். "இப்படி ஒரு பிள்ளை இருந்தது" என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ளும் காகிதம் அது. நாற்பது வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு பாட்டிக்கு அது எவ்வளவு பெரியது!

இரண்டு ஆட்சேபங்கள்

முதலாவது, "இதெல்லாம் வெள்ளைக்காரர் பழக்கம். நம் ஊரில் கூட்டுக் குடும்பம் இருக்கிறது, சொந்தம் இருக்கிறது. போனதைப் பேசிப் பேசிப் புண்ணைக் கிளறக்கூடாது என்றுதான் பெரியவர்கள் வைத்தார்கள்."

இதில் பாதி உண்மை. சொந்தம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவதும், பிள்ளையை இழந்தவளுக்கு மருந்துச் சோறு போட்டு உடம்பைத் தேற்றி அனுப்புவதும் அம்மா வீடுதான். அந்த அன்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பேசாமல் இருந்தால் புண் ஆறிவிடும் என்பது சரியா? சந்தேகம் இருப்பவர்கள் வீட்டில் இருக்கும் வயதான பெண்களிடம் மெல்லக் கேட்டுப் பார்க்கலாம். எத்தனை பிள்ளை பெற்றீர்கள் என்று கேட்டால், உயிரோடு இருப்பவர்கள் எண்ணிக்கையை மட்டும் சொல்லி நிறுத்த மாட்டார்கள். "பெத்தது ஆறு, தங்கினது நாலு" என்பார்கள். எந்த மாதம், என்ன நட்சத்திரம், மூக்கு யார் சாடை என்பது வரை ஞாபகம் இருக்கும். அவர்கள் மறக்கவில்லை. கேட்க ஆள் இல்லாமல் சொல்லாமல் இருந்தார்கள்.

பழைய தமிழர் வழக்கம் என்று பேசுகிறவர்கள் புறநானூற்றின் 74-ஆம் பாட்டையும் கொஞ்சம் பார்க்கலாம். சேரமான் கணைக்கால் இரும்பொறை சிறையில் இருந்தபோது பாடியது என்பார்கள். மறக்குடியில் குழந்தை இறந்து பிறந்தாலும், உருவமே இல்லாத தசைப் பிண்டமாகப் பிறந்தாலும், அதற்கும் வாளால் ஒரு வெட்டுக் கொடுத்து வீரனுக்குரிய மரியாதையைச் செய்யும் வழக்கம் அதில் வருகிறது. அந்த வாளும் வெட்டும் இன்றைக்கு யாருக்கும் வேண்டாம். ஆனால் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளையையும் ஒரு ஆளாகக் கணக்கில் சேர்த்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கணக்கில் சேர்ப்பது இறக்குமதிச் சரக்கு இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் வியாபாரப் பக்கத்திலிருந்து வரும். "இப்படி லீவு லீவு என்று கொடுத்துக்கொண்டிருந்தால் முதலாளி பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டான்." இது நியாயமான பயம்தான். செலவு முழுவதும் ஒரு முதலாளி தலையில் விழும் இடத்தில் இப்படி நடக்க வாய்ப்பு இருக்கிறது. அதற்கு வழி ஈ.எஸ்.ஐ. மாதிரி எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு ஒரு பொது நிதியிலிருந்து கொடுப்பது. இன்ஷூரன்ஸ் தத்துவமே அதுதானே? அந்த வட்டத்தைப் பெரிதாக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். வீட்டு வேலை செய்பவர், கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவர், பூக்கட்டி விற்பவர்... இவர்கள் யாருக்கும் "முதலாளி" என்று ஒருவர் நிலையாகக் கிடையாது. அந்த ஆறு வாரம் அவர்கள் பக்கமே வருவதில்லை. உதிரப்போக்கு நின்ற மறுநாள் சித்தாள் செங்கல் சுமக்கிறாள். உண்மையான ஓட்டை இதுதான்.

என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. செய்யக்கூடியதாகச் சில:

1. துக்கம் நடந்த வீட்டுக்குப் போனால் "கேள்விப்பட்டேன், ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்று சொன்னால் போதும். "அடுத்தது" என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லலாம். ஒரு வருடம் கழித்து அதே தேதியில் ஒரு போன் செய்தால் அதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது. அப்பாவிடமும் "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்கலாம்.

2. கல்யாணமாகி ஆறு மாதம் ஆனவர்களிடம் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்பதை விட்டுவிடலாம். போன வாரம்தான் அவளுக்குக் கலைந்திருக்கலாம்.

3. ஆஸ்பத்திரிகளில் குழந்தையை இழந்த தாய்க்கு ஒரு தனி மூலை. தனி அறை கேட்கவில்லை, ஒரு திரைச்சீலையாவது. முகம் பார்க்க விருப்பமா என்று அவளிடம் கேட்பது. பால் கட்டினால் என்ன செய்வது என்று சொல்லி அனுப்புவது. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை மாதிரி தாய்ப்பால் வங்கி உள்ள இடங்களில், விருப்பமிருந்தால் கொடுக்கலாம் என்று எடுத்துச் சொல்வது. யாரையும் வற்புறுத்தாமல்.

4. ஊருக்கு ஊர் மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறது. வாரம் ஒரு நாள் சேமிப்புக் கணக்குப் பார்க்கக் கூடுகிறார்கள். இதை அனுபவித்த இரண்டு பேர் அதில் இருந்தால், புதிதாக இழந்த ஒருத்தியை வீட்டில் போய்ப் பார்ப்பதற்குத் தனி அமைப்பு எதுவும் வேண்டாம். கிராம சுகாதார செவிலியர் தகவல் சொன்னால் போதும். பிரிட்டனில் ஊருக்கு ஊர் தொடங்கியதும் இந்த மாதிரி சின்னக் குழுக்கள்தான்.

5. கடைசியாக, வணிகவியல் படிக்கிறவர்களுக்கு. இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் இவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு கடையின், கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவிலோ எச்.ஆர். பிரிவிலோ உட்கார்ந்து சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருப்பார்கள். 1961 சட்டத்தின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் எழுதி, பெண்கள் வேலை செய்யும் இடத்தில் கண்ணில் படும்படி மாட்டவேண்டும் என்பது அந்தச் சட்டத்திலேயே இருந்த விதி. வேலைக்குச் சேரும் அன்றே ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளுக்குக் கிடைக்கக்கூடிய சலுகைகளை எழுத்தில் கொடுக்கவேண்டும் என்று 2017 திருத்தம் சேர்த்தது. எத்தனை கடைச் சுவரில் யார் அதைப் பார்த்திருக்கிறார்கள்? அந்த ஒரு தாளைத் தமிழில் அடித்து ஒட்ட ஆகும் செலவு பத்து ரூபாய். சேரும்போது கொடுக்கும் கடிதத்தில் "கருச்சிதைவு நேர்ந்தால் ஆறு வாரச் சம்பளத்துடன் விடுப்பு" என்று ஒரு வரி சேர்க்க அதுகூட ஆகாது.

அந்தத் தாள் சுவரில் இருந்திருந்தால், அந்த ஜவுளிக்கடைப் பெண் சூப்பர்வைசரிடம் வாய் திறந்து பேச வேண்டிய அவசியம்கூட இல்லை. லீவு விண்ணப்பத்தில் பிரிவு எண்ணை எழுதி, டாக்டர் சான்றிதழை இணைத்து மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். குழந்தைகள் துணிப் பிரிவில் அன்றைக்கு வேறு யாராவது நின்றிருப்பார்கள்.